அந்த ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தையின்மை பற்றிய உங்கள் கட்டுரையில், சில பெண்களுக்கு 'உடம்பின் எதிர்ப்பு சக்தியே கருவைத் தாக்கிவிடுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதே வரியை டாக்டர் வாயால் கேட்டு இரண்டு வருடம் தூக்கம் தொலைத்தவள் நான்.

எனக்கு இரண்டு முறை கரு கலைந்ததும் ரத்தத்தில் என்கே செல் என்ற எதிர்ப்பு சக்தி செல் அதிகம் என்றார்கள். 'இயற்கைக் கொல்லி செல்' என்பதுதான் அதன் முழுப் பெயராம், என் உடம்பே என் பிள்ளையைக் கொல்கிறது என்று நம்புவதற்கு அந்தப் பெயர் ஒன்றே போதுமாக இருந்தது. ஆனால் கருப்பையில் இருக்கும் என்கே செல்கள் வேறு ரகம், நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போகும் குழாய்கள் விரிய அவை உதவுகின்றன, கையில் எடுத்த ரத்தத்தை வைத்து கருப்பைக்குள் நடப்பதைச் சொல்ல முடியாது. இதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் எதிர்ப்பு சக்தியை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை, இன்ட்ராலிபிட் டிரிப்ஸ் எல்லாம் ஆகிவிட்டது. இன்ட்ராலிபிட் சோயா எண்ணெயில் செய்த கொழுப்புச் சத்து, வாய்வழி சாப்பிட முடியாதவர்களுக்கு ஏற்றுவது. ஸ்டீராய்டைப் பொறுத்தவரை, ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) பலமுறை தோற்ற 715 பெண்களை வைத்துச் சீனாவில் நடந்த ஆய்வு 2023இல் வந்தது, பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்குக் குழந்தை பிறப்பது கூடவில்லை.

அதற்காக இம்யூன் பிரச்சினையே பொய் என்று சொல்ல வரவில்லை. ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம் நிஜமான நோய். எதிர்ப்பு சக்தி உண்டாக்கும் சில ஆன்டிபாடிகளால் ரத்தம் எளிதில் உறையும், நஞ்சுக்கொடியும் கெடும், கரு அடுத்தடுத்துக் கலையும். இதைக் கண்டுபிடிக்க லூபஸ் ஆன்டிகோகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், ஆன்டி பீட்டா 2 கிளைகோபுரோட்டீன் 1 என மூன்று ரத்தப் பரிசோதனைகள். தொற்று வந்தால்கூட தற்காலிகமாக பாசிட்டிவ் காட்டும் என்பதால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உறுதி. சிகிச்சை, குறைந்த அளவு ஆஸ்பிரினும் கர்ப்பம் உறுதியானதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும்.

எனக்கு இந்தப் பரிசோதனைகளை எடுத்தது மூன்றாவது முறையும் கலைந்து, டாக்டரை மாற்றிய பிறகுதான். இரண்டு தடவையும் பாசிட்டிவ். டிரிப்ஸ் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இதை முதலில் பார்க்கத் தோன்றவில்லையே என்று இன்றும் வயிறு எரிகிறது.

அடுத்த முறை எழுதும்போது அந்த மூன்று பரிசோதனைகளின் பெயரையும், 12 வார இடைவெளியையும் தயவுசெய்து போடுங்கள். யாராவது ஒரு பெண் அதை வெட்டி எடுத்து டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி