குளக்கரை வடிகால், நடைபாதைப் பணி: நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிக்குழுவின் வணக்கம்.

குளக்கரைப் பணி முடிந்துவிட்டது. வடிகால் 180 மீட்டர், கரையைச் சுற்றி நடைபாதை, கம்பிவேலி, 9 விளக்கு, 4 சிமெண்டு பெஞ்சு. அளவுப் புத்தகத்தில் பொறியாளர் கையெழுத்து விழுந்து, கடைசி பில்லும் பாஸாகிவிட்டது. வேறு சமயமாக இருந்தால் இந்த ஒரு பத்தியோடு நன்றி சொல்லி, கேசரி காபியோடு கூட்டத்தை முடித்திருப்போம்.

ஆனால் போன மாதம் எல்லார் வீட்டு கேட்டிலும் ஒரு மஞ்சள் நோட்டீஸ் செருகியிருந்தது. உள்ளாட்சித் தேர்தலுக்குத் தேதியே வரவில்லை, அதற்குள் பிரசாரம் தொடங்கிவிட்டது. "ஊர் வளர்ந்தது, வசதி வளர்ந்ததா?" என்று தலைப்பு. கவுன்சிலரைத் திட்டிய பகுதிக்கு அவர் பதில் சொல்லிக்கொள்ளட்டும், அவருக்கு மைக் இருக்கிறது. கடைசி ஐந்து வரி நம் பணிக்குழுவைப் பற்றியது. வரிப்பணம் குளத்தில் போனது, செலவு ஏறியது, நன்றாக வேலை செய்த ஒப்பந்ததாரரைத் துரத்தினோம், இரண்டு வருஷம் இழுத்தோம், கல்வெட்டை மறைத்தோம் என்கிறது நோட்டீஸ். அந்த ஐந்து வரிக்குத்தான் இந்த அறிக்கை. நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரியில் தொடங்குகிறேன், அது சுலபம். 2022 ஏப்ரலில் சொத்துவரி ஏறியது உண்மை. 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. எனக்கும்தான் ஏறியது. அந்தப் பணம் மாநகராட்சியின் பொதுக்கணக்குக்குப் போகிறது. குளத்துக்கு நாம் கொடுத்தது வேறு. நம் பணி நடந்தது நமக்கு நாமே திட்டத்தில். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதி அரசுப் பணம், டெண்டர் விடுவது மாநகராட்சி. நாம் டிடி எடுத்துக் கட்டி ரசீது வாங்கினோம். ஒப்பந்ததாரர் கையில் சங்கம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை, அவரிடம் வாங்கவும் இல்லை. "கமிஷன் கிடைக்காததால் செயலாளர் வேலையை நிறுத்தினார்" என்று டீக்கடையில் பேசுகிற நம் முன்னாள் நிர்வாகி ஒருவர் அந்த ரசீதுகளை வந்து பார்க்கலாம். மூன்று முறை கூப்பிட்டாயிற்று.

வசதி வளரவில்லை என்பதில் எனக்கும் பாதி சம்மதம்தான். ஊராட்சியாக இருந்த காலத்தில் இங்கே பாதி இடம் நஞ்செய். மேல் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்த தண்ணீர் நம் குளத்துக்கு வந்த வாய்க்கால் நில அளவைப் புலப்படத்தில் இன்றும் இருக்கிறது, தரையில் இல்லை. அதன்மேல் மனை போட்டு, வீடு கட்டி, நாமே குடிவந்துவிட்டோம். அந்த வாய்க்காலை அப்படியே தோண்டச் சொன்ன உறுப்பினர்கள் உண்டு. தோண்டினால் 11 வீட்டுக் காம்பவுண்டு போகும், வழக்கு போடுவார்கள், வழக்கு முடியும்போது நம் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கும். அதனால்தான் வடிகாலை 2வது தெரு வழியாகத் திருப்பச் சொல்லிக் கேட்டோம். இது குழு எடுத்த முடிவு. இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன்.

நோட்டீஸ்காரர்களுக்கு ஒன்று நினைவுபடுத்த வேண்டும். 2016 அக்டோபரில் கவுன்சிலர்கள் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரி 19 அன்று ஓட்டுப் போடும் வரை நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் யாரும் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். அந்த ஐந்து வருஷத்துக்கும் மேலாக மனுவைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் அலைந்தவர்கள் நாம். அப்போது ஒரு நோட்டீஸும் வரவில்லை.

சரி, செலவு. முதல் மதிப்பீடு போட்டது 2022 மே மாதம். வேலை 25 லட்சம், ஜிஎஸ்டி 12 சதவீதம், மொத்தம் 28 லட்சம். நம் பங்கு 9,33,334 ரூபாய். ஜூலை 18 முதல் அரசு, உள்ளாட்சிக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது. நாடு முழுவதற்கும் ஏறியது, நம் வார்டுக்கு மட்டும் யாரும் ஏற்றவில்லை. 28 லட்சம் 29 லட்சத்து 50 ஆயிரம் ஆனது. நம் தலையில் 50,000 கூடியது. ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே வந்த செலவு இது. 2022 நவம்பர் 1 அன்று, வார்டில் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகள் முதல்முதலாகக் கூடின. முதலமைச்சர் பம்மலில் ஒரு சபையில் உட்கார்ந்திருந்த அதே நாள் நாம் நம் பள்ளிக்கூட வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இந்த 50,000 கணக்கை வாசித்தோம். 40 பேர் இருந்தீர்கள். எவரும் கை தூக்கவில்லை.

அப்புறம்தான் ஒப்பந்ததாரர் விவகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதும் வேலை வேகமாகத்தான் போனது. மார்ச்சுக்குள் 110 மீட்டர் வடிகால் போட்டுவிட்டார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள், நானும் பாராட்டினேன். நம் உறுப்பினர் ஒருவர் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். காலை நடைக்குப் போகும்போது தினமும் அந்தக் கால்வாயைக் குனிந்து பார்த்துக்கொண்டே போவார். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "செயலாளரே, 2வது தெரு முக்கில் தரை ஏறுதே, பார்த்தீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு எல்லாம் சமமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, மட்டம் பார்க்க 30 மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி எடுத்து வந்தார். ஒரு முனையை 3வது குறுக்குத் தெரு முனையில் நான் பிடித்தேன், மறுமுனையைத் தெரு முக்கில் அவர் பிடித்தார். குமிழி அடங்கக் காத்திருந்து, இரண்டு பக்கமும் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டிலிருந்து கால்வாய்த் தரை வரை டேப் பிடித்தார். தண்ணீர் போய்ச் சேர வேண்டிய பக்கம் 14 சென்டிமீட்டர் மேடாக இருந்தது. காரணமும் பிறகு தெரிந்தது. அந்த முக்கில் குடிநீர்க் குழாய் குறுக்கே போகிறது. குழாயை இறக்கிப் போட அனுமதி வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும், நாளாகும். அதெல்லாம் எதற்கு என்று குழாய்க்கு மேலேயே தரையை ஏற்றிக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் மேலே மூடியும் போட்டிருப்பார்கள், யாருக்கும் தெரிந்திருக்காது.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டோம். "சார், மழைத் தண்ணி வேகத்துல வரும், தானா ஏறிப் போயிடும்" என்றார். ஒப்பந்ததாரர் போனில், "ஒரு ஜாண் வித்தியாசத்துக்கு ஊரைக் கூட்டுறீங்களே" என்றார். வந்த பொறியாளரும் முதலில் இதெல்லாம் அனுமதிக்கிற அளவுதான் என்கிற மாதிரிதான் பேசினார். பக்கத்து வீட்டு அம்மா எதுவும் சொல்லாமல் உள்ளே போய்ப் பைப்பைத் திறந்து, நாலு குடம் தண்ணீரை ஒன்றன்பின் ஒன்றாகக் கால்வாயில் ஊற்றினார். தண்ணீர் ஓடியது. ஒரு பூவரச இலை மேலே மிதந்துகொண்டே போனது. முக்கு வரை போய் நின்றது, கொஞ்ச நேரம் சுற்றியது, பிறகு மெதுவாகத் திரும்பி எங்கள் காலடிக்கே வந்தது. பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

வேலையை நிறுத்தியது நான் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. நிறுத்தச் சொல்லி மனு எழுதியது நான்தான், அதை மறுக்கவில்லை. 62 மீட்டரை உடைத்துக் குழாயை இறக்கி மறுபடி போட ஒப்பந்ததாரர் ஒத்துக்கொண்டார், ஆனால் உடைக்க ஒரு பில், போட ஒரு பில் கேட்டார். தப்பாகப் போட்டதற்கும் பணம், உடைப்பதற்கும் பணம், சரியாகப் போடுவதற்கும் பணம் என்றால் மூன்று தடவை ஆகிறது. கூடாது என்று குழு முடிவு செய்து எழுதிக் கொடுத்தது. ஆறு மாதம் கடிதம், பதில் கடிதம், நோட்டீஸ், பதில் நோட்டீஸ். என்னிடம் ஒரு ஃபைல் முழுக்க இருக்கிறது, தராசில் வைத்தால் ஒரு கிலோ வரும். அக்டோபரில் ஒப்பந்தம் ரத்தானது, அவர் டெபாசிட்டும் போனது.

டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழை வந்தது. 3வது குறுக்குத் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். "வேலையை முடிக்க விட்டிருந்தால் தண்ணீர் வந்திருக்காது" என்று அன்றைக்கே ஆரம்பித்த பேச்சு இன்று அச்சாகி வந்திருக்கிறது. அந்த மழைக்கு எந்த வடிகால் இருந்தாலும் தண்ணீர் வந்திருக்கும், சென்னை முழுக்க வந்தது. ஆனால் அந்த மூன்று நாள் மின்சாரம் இல்லாமல், மாடியில் பால் பவுடரைக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தவர்களிடம் போய் டியூப் மட்டக் கணக்கு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் கோபப்பட்டது நியாயம். கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறு டெண்டர் 2024 பிப்ரவரியில் வந்தது. மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு, நடத்தை விதி அமலுக்கு வந்தது. ஜூன் முதல் வாரம் வரை புதிய வேலை உத்தரவு கொடுக்க முடியாது. ஜூலையில் உத்தரவு வந்து தோண்ட ஆரம்பித்தால் அக்டோபரில் பருவமழை. இப்படித்தான் 2025 மே ஆனது. குழாய் இறக்கிய செலவு, விலைவாசி ஏற்றம் எல்லாம் சேர்த்து மேலும் 3 லட்சம், அதில் நம் பங்கு 1 லட்சம். ஆக மொத்தம் 32 லட்சத்து 50 ஆயிரம், நாம் கட்டியது 10,83,334 ரூபாய். இரண்டாவது ஒப்பந்ததாரர் அதிகம் பேசாதவர். சொன்ன மட்டத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார், அவரைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. நடைபாதை, வேலி, விளக்கு, பெஞ்சு வேலைகளும் அப்படியே.

கல்வெட்டை யாரும் திட்டம் போட்டு மறைக்கவில்லை. அடிக்கல்லில் கவுன்சிலர் பெயர் இருந்தது. தேர்தல் விதி வந்ததும் ஊழியர்கள் வந்து பழைய செய்தித்தாளைப் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்கள். கவுன்சிலர் பெயரோடு கீழே இருந்த நன்கொடையாளர் பெயர்களும் மறைந்தன. ஜூனில் பிய்த்தபோது தாள் பாதி வந்தது, பாதி வரவில்லை. மீதியை நானும் பொருளாளரும் வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தோம். இரண்டு பெயரில் எழுத்துக்கு அடித்த கறுப்பு மையும் சேர்ந்து வந்துவிட்டது. புதிய கல்லில் சரி செய்திருக்கிறோம்.

அந்தப் புதிய கல்லில் பெயர்கள் வீட்டு எண் வரிசையில்தான் இருக்கின்றன, தொகை வரிசையில் இல்லை. பெரிய தொகை கொடுத்த இருவருக்கு இதில் வருத்தம். தொகை வரிசை போட்டிருந்தால் அறுபது பேருக்கு வருத்தம் வந்திருக்கும்.

போன தடவை அச்சடித்த பட்டியலை வைத்து நன்கொடையாளர்கள் வீட்டுக்கே போய்த் தொல்லை கொடுத்தார்கள் என்பதால் இந்த முறை தாளில் பெயர் போடவில்லை, அவரவருக்குத் தெரியும். 1வது தெரு மாடிவீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒரு லட்சம் கொடுத்தார், அவர் கணவர் நினைவாக. பஸ் நிறுத்தத்து மளிகைக்கடைக்காரர் 50,000. துபாயில் இருக்கும் மருந்துக்கடை வீட்டுப் பையன் 75,000 அனுப்பினான். இஸ்திரி வண்டிக்காரர் 2,000, குளக்கரையில் கீரை விற்கும் அம்மா இரண்டு தவணையாக 500. மாவு மில்காரர், டைலர் அண்ணன், டியூஷன் சென்டர் சார், மூன்று ஆட்டோ டிரைவர்கள் சேர்ந்து ஒரே ரசீது. 4வது தெரு அடுக்குமாடியில் 24 வீடு, 22 வீடு கொடுத்தது. மற்ற இரண்டு வீடும் காலியாக இருந்தன, அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். உண்டியலை உடைத்துச் சில்லறையாக 312 ரூபாய் கொண்டுவந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ரசீது போட்டிருக்கிறோம். வடிகால் எங்கள் தெருவுக்கு வரவில்லையே என்று சண்டை போட்டுக்கொண்டே 5,000 கொடுத்த 5வது தெருக்காரருக்குத் தனியாக நன்றி. அவர் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அடுத்த கட்டத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

வசூல் மொத்தம் 11,20,500. மாநகராட்சிக்குக் கட்டியது போக மிச்சம் 37,166. ஜெராக்ஸ், டிடி கமிஷன், தபால், அடிக்கல் அன்று பந்தல், சுண்டல், புதிய கல் என்று 9,640 செலவு. கையிருப்பு 27,526, வங்கியில் இருக்கிறது. ரசீதுப் புத்தகங்கள், நான் சொன்ன ஒரு கிலோ ஃபைல், அந்த 30 மீட்டர் டியூப் எல்லாம் வருகிற ஞாயிறு காலை 10 முதல் 1 வரை சங்க அலுவலகத்தில் மேஜைமேல் இருக்கும். உறுப்பினர் இல்லாதவரும் வந்து பார்க்கலாம். நோட்டீஸ் அடித்தவரும் வரலாம், காபி உண்டு.

வடிகாலில் வண்டல் சேர்ந்தால் அள்ளுவது மாநகராட்சி வேலை. மூடிமேல் மணல், ஜல்லி கொட்டாமல் இருப்பது நம் வேலை. போன வாரமே ஒரு வீட்டு வாசலில் அரை லோடு எம்-சாண்ட் கிடந்தது. சொல்லியிருக்கிறேன்.

விளக்குப் பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது. புதிய குழு வந்ததும் கொடுத்துவிடுகிறேன், எனக்கும் போதும் என்றாகிவிட்டது. ஒன்பது விளக்கில் ஏழாவது மட்டும் விட்டு விட்டு எரிகிறது. புகார் கொடுத்து எண் வாங்கியாயிற்று.

பணிக்குழுவுக்காக,
செயலாளர்