மேல்தட்டில் படுக்க வயது மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைத் தனிப் படுக்கைக்குப் பழக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த வாசகர் கடிதங்களில், ஆறு வயது நிரம்பிவிட்டால் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் தாராளமாகப் படுக்கவிடலாம் என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேல்தட்டில் படுக்கவைக்கக் கூடாது என்பது உண்மைதான். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகள் இந்த எச்சரிக்கையைக் கட்டிலிலேயே ஒட்ட வேண்டும் என்கின்றன. ஆனால், ஆறுக்கு முன் கூடாது என்று சொல்வது வேறு, ஆறு ஆகிவிட்டால் போதும் என்று எடுத்துக்கொள்வது வேறு. முன்னது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான தடை. பின்னதை அந்தந்தப் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். என் மகளுக்கு ஆறு வயது முடிந்த மாதமே, தம்பிக்கும் அவளுக்கும் சேர்த்து அடுக்குக் கட்டில் வாங்கினோம். பகலில் ஏணியில் ஏறி இறங்குவதில் அவளுக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. நான்காம் நாள் இரவு ஏதோ அரவம் கேட்டு எழுந்து போனபோது, அரைத் தூக்கத்தில் அவள் மேல்தட்டின் விளிம்பில் உட்கார்ந்து, ஏணி இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத் தடுப்பின் மேல் காலைத் தூக்கிப் போட்டு, இல்லாத படியை இருட்டில் துழாவிக்கொண்டிருந்தாள். கழிவறைக்குப் போக எழுந்திருக்கிறாள். என்னைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்தக் கால் காற்றில் அசைந்தது இன்றும் என் கண் முன்னே நிற்கிறது. மறுநாளே அவளுடைய மெத்தையைக் கீழே இறக்கிவிட்டோம். அவள் அழுதாள், ஆனாலும் ஏறத்தாழ எட்டு மாதம் காத்திருந்தோம்.

அந்த எட்டு மாதத்தில் நாங்கள் கவனித்தவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். நடு இரவில் எழுந்தால் முழுதாக விழித்த பிறகு நடக்கிறாளா, ஏணியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குகிறாளா, மேலே குதிக்காதே என்று ஒருமுறை சொன்னது நாங்கள் அறையில் இல்லாதபோதும் அவள் நினைவில் நிற்கிறதா என்பவற்றைப் பார்த்தோம். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம் என்பேன். கீழே படுக்கும் நான்கு வயதுத் தம்பி அக்கா செய்வதையெல்லாம் செய்வான். ஏணி இருக்கும்வரை அவனும் ஏறத்தான் பார்ப்பான்.

கட்டிலையும் கவனிக்க வேண்டும். சுவரை ஒட்டிப் போட்டாலும் மேல்தட்டின் இரு பக்கமும் தடுப்பு அவசியம். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே பிள்ளை சிக்கிக்கொள்ள முடியும். தடுப்பில் இருக்கும் இடைவெளிகள் 3.5 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தடுப்பு மெத்தைக்கு மேலே குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும் என்பதால், சொகுசுக்காகத் தடித்த மெத்தை வாங்கிப் போட்டால் தடுப்பின் பயனே போய்விடும். மேலே சுழலும் மின்விசிறியையும், கட்டில் கம்பியில் பிள்ளைகள் விளையாட்டாகக் கட்டித் தொங்கவிடும் கயிற்றையும் துண்டையும் பலர் யோசிப்பதே இல்லை.

இந்தத் தீர்மானத்தை நாம் எப்போது எடுக்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அறையில் இடம் போதவில்லை, அடுத்த குழந்தை பிறக்கப்போகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை மேலே படுக்கிறது என்பவையெல்லாம் பெரியவர்களின் காரணங்கள். புதிய பொறுப்புகளையும் இப்படித்தான் நம் வசதிக்கு ஏற்றபடி தருகிறோம். ஏழு வயதில் மகளிடம் பள்ளிப் பையைத் தானே அடுக்கச் சொன்னேன். அவள் தூங்கிய பிறகு நானே பையைத் திறந்து, விட்டுப்போனதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் அதைப் பார்த்துவிட்டாள். “அப்போ நான் எதுக்கு அடுக்கணும்?” என்று கேட்டாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு பையை நான் தொடவில்லை. இரண்டு முறை நோட்டை மறந்து போய், ஆசிரியரிடம் தானே விளக்கம் சொல்லிவிட்டு வந்தாள். மறந்தால் ஒரு நாள் சங்கடத்தோடு முடிகிற காரியங்களில் பிள்ளைகளைத் தவறவிடலாம். தவறினால் கழுத்தும் தலையும் அடிபடுகிற காரியத்தில் அந்தத் தாராளம் கூடாது. இரண்டையும் ஒரே வயதுக் கணக்கில் வைத்துப் பேசுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. மேல்தட்டில்தான் படுக்கிறாள். உடம்பு சுடுகிற இரவுகளில் மட்டும், நாங்கள் சொல்லாமலே தலையணையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, தம்பியின் காலடியில் படுத்துக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தாய்