பத்து நாள் தொடர் கடல் பயணம்: கேபின், கடிகாரம், சாப்பாடு குறித்த புகார்

அனுப்புநர்: தர்மபுரி – கிருஷ்ணகிரி பயணக் குழு (22 பேர், 11 கேபின்கள்)
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, கப்பல் நிறுவனத் தலைமை அலுவலகம்
நகல்: முன்பதிவு செய்துகொடுத்த முகவர், ஓசூர்

பொருள்: விக்டோரியா (செஷல்ஸ்) – போர்ட் லூயி (மொரீசியஸ்) – ஃப்ரீமாண்டில் (மேற்கு ஆஸ்திரேலியா) கப்பல் பயணத்தில் நேர்ந்த சேவைக் குறைபாடு, பணம் திரும்பக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

போர்ட் லூயியில் பலத்த காற்று வீசியதால் கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் ஏற முடியவில்லை. நண்பகல் வரை வெளியே காத்திருந்துவிட்டு, கேப்டன் கப்பலை ஃப்ரீமாண்டில் பக்கம் திருப்பினார். அந்த முடிவைப் பற்றி எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு துறைமுகத்தை விட்டுவிடுவது கேப்டனின் பொறுப்பு. ஒப்பந்தத்திலும் அது இருக்கிறது. ஆனால் முன்னால் 2 நாள், நடுவே துறைமுகத்தில் ஒரு நாள், பின்னால் 7 நாள் என்று இரண்டாகப் பிரிந்திருந்த கடல் பயணம், அதனால் ஒரே இழுவையாக 10 நாள் ஆகிவிட்டது. ஊரில் ஒரு ஓட்டல் சரியில்லை என்றால் எதிர்வரிசையில் இன்னொன்று இருக்கும், பக்கத்தில் மருந்துக்கடை இருக்கும். மொரீசியசுக்கும் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கும் நடுவே சுமார் 3,200 கடல் மைல், அதாவது 5,900 கிலோமீட்டர், வெறும் தண்ணீர். விற்றவர் சொன்னதைச் செய்யாவிட்டால் அங்கே பயணிக்கு வேறு போக்கிடம் இல்லை. கீழே எழுதியிருப்பவை எல்லாம் காற்றாலும் அலையாலும் வந்தவை அல்ல, தங்கள் ஏற்பாட்டால் வந்தவை.

முதலில் கேபின். எங்கள் இரண்டு மாவட்டங்களுக்கும் கடற்கரை கிடையாது. குழுவில் பெரும்பாலோர் ஏறியிருக்கும் ஒரே நீர்வாகனம் ஒகேனக்கல் பரிசல்தான். யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளும், யாருக்குக் குமட்டும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் 11 கேபின்களும் 5-ஆம் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் வேண்டும் என்று கேட்டு, கேபினுக்கு 18,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினோம். உறுதிச்சீட்டிலும் அப்படியே இருக்கிறது. ஏறுவதற்குப் பத்து நாள் முன்பு அதில் நான்கு கேபின்களை 9-ஆம் தளத்தின் முன்முனைக்கு மாற்றிவிட்டு, அதற்கு 'அப்கிரேடு' என்று பெயர் சொன்னீர்கள். பால்கனி இருக்கிறது, உண்மைதான். ஆனால் தொடர்ந்து பல நாள் கடலில் இருப்பவருக்கு அது மேம்பாடு அல்ல. ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: மரத்தின் நுனி ஆளுயரத்துக்கு மேல் ஏறி இறங்கும், தாங்கும் இடத்தில் அசைவே தெரியாது. கப்பலும் அப்படித்தான். நீர்மட்டத்துக்கு அருகே, நடுவில் ஆட்டம் மிகக் குறைவு. உயரமும் முன்முனையும் சேர்ந்த இடத்தில் மிக அதிகம். கப்பலின் இரு பக்கமும் நீருக்குள் நீளும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் பக்கவாட்டு உருளலைத்தான் அடக்கும். முன்பக்கம் தூக்கிப் போடுவதை அவற்றால் தடுக்க முடியாது. கப்பல் வேகம் குறைந்தால் உருளலை அடக்கும் திறனும் குறையும். அந்தப் பாதையிலோ தெற்குப் பெருங்கடலில் எழும் நீண்ட அலை, இடையில் மறிக்க நிலமே இல்லாமல், தென்மேற்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும். இதெல்லாம் தங்கள் அலுவலகத்துக்குத் தெரியாத செய்தி அல்ல.

நான்கு கேபின்களிலும் இருந்தவர்கள் அறுபது வயது தாண்டியவர்கள். மூன்றாம் நாளிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி வரவேற்பு மேசையில் எழுதிக் கொடுத்தோம். காலி கேபின் இல்லை என்று இரண்டு முறை பதில் வந்தது. ஏழாம் நாள், அதே 5-ஆம் தளத்தில் இரண்டு கேபின்களைக் கூடுதல் கட்டணத்துக்குத் தருவதாக அறைக்கு ஒரு தாள் வந்தது. அந்தத் தாளின் நகலை இணைத்திருக்கிறோம்.

தங்கள் கையேடு இதை இன்னும் மோசமாக்கியது. "குமட்டல் வந்தவுடன் ஒரு மாத்திரை" என்று அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். அது தவறு. இந்த வகை மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரமாவது முன்பு போட வேண்டும். வாந்தி தொடங்கிவிட்டால் மாத்திரை வயிற்றில் நிற்காது. தூக்கம் வரும், வாய் வறளும். கண் நீரழுத்தமோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. முதியவர்களுக்கு விற்கும் பயணத்தின் கையேட்டில் இந்த எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. தயவுசெய்து அடுத்த பதிப்பிலாவது திருத்துங்கள்.

அடுத்து கடிகாரம். கிழக்கே போகும் கப்பலில் நாள் சுருங்கும். 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம். மொரீசியஸ் நேரத்துக்கும் ஃப்ரீமாண்டிலில் உள்ள பெர்த் நேரத்துக்கும் 4 மணி நேர வித்தியாசம். 17 நாட் (மணிக்கு 17 கடல் மைல்) வேகத்தில் ஒரு நாளைக்கு 408 கடல் மைல். அந்த அட்சரேகையில் அது ஏழரைப் பாகை. ஆக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினால் சூரியனோடு சரியாகப் போகும், உடம்பும் பழகும். தாங்களோ கடைசி நான்கு இரவுகளில் அடுத்தடுத்து, அதிகாலை 2 மணிக்கு, நான்கு மணி நேரத்தையும் தள்ளினீர்கள். கடைசிக் காலையில் காலை உணவு 9:30-க்கு மூடும்போது உடம்புக்கு அது விடியற்காலை 5:30. இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஊசிக்கும் ஊசிக்கும் இடைவெளி தினமும் குறைந்தது. முந்தைய மாலை அறையில் போடும் ஆங்கிலத் தாளில் ஒரு சிறு கட்டம்தான் அறிவிப்பு. ஏறிய அன்றே முழு அட்டவணையையும் கொடுத்திருந்தால் அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எங்களுக்கு மனம் ஆறவில்லை. 60 நாளுக்கு முன்பே முட்டை கலக்காத சைவம் என்று 22 பேருக்கும் படிவம் தந்தோம். புதுக் காய்கறி போர்ட் லூயியில் ஏற்றுவதாகத் திட்டம் இருந்ததாம். துறைமுகம் போனது, காயும் போனது. ஐந்தாம் நாளோடு கீரை, கொத்தமல்லி, தக்காளி தீர்ந்தன. பிறகு ஃப்ரோசன் பட்டாணி, சோளம், வேகவைத்த உருளைக்கிழங்கு, பாஸ்தா, இனிப்புத் தயிர். ஆனால் தமிழ்ச் சமையலுக்குப் பச்சைக் காய் இல்லாமலே பத்து நாள் ஓட்டத் தெரியும். தக்காளி இல்லாவிட்டால் புளி. பூசணி, சேனை, வெங்காயம், முட்டைக்கோஸ் குளிர் அறையில் இரண்டு வாரம் தாங்கும். வேளைக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி, 40 கிராம் துவரம்பருப்பு, 10 கிராம் புளி என்று வைத்தால், 22 பேருக்கு 10 நாள், இரண்டு வேளைக்கு 44 கிலோ அரிசி, 18 கிலோ பருப்பு, நாலரைக் கிலோ புளி. ஆயிரக்கணக்கானோருக்குச் சரக்கு ஏற்றும் கப்பலில் இது ஒரு தள்ளுவண்டிச் சுமை. ஒரு துறைமுகம் தவறினாலும் தாங்கும்படி உலர்சரக்கு வைப்பது அடிப்படை ஏற்பாடு.

"பொடியும் ரைஸ் குக்கரும் கொண்டு போங்கள்" என்று தங்கள் முகவர் சொன்னதும் தவறான யோசனை. தீ அபாயத்தால் சூடேற்றும் கருவிகளுக்குக் கப்பலில் தடை. மூன்று குக்கர்களையும் ஏறும்போதே வாங்கி வைத்துவிட்டார்கள். பொடியோ ஊறுகாயோ, மிச்சம் எது இருந்தாலும் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது பயணி அட்டையில் அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம். அதையும் யாரும் சொல்லவில்லை.

துணி துவைக்கப் பயணிகளே இயக்கும் மெஷின் உண்டு என்றீர்கள். அந்தக் கப்பலில் அப்படி ஓர் அறையே இல்லை. உருப்படிக் கணக்கில் கட்டணம் வாங்கினீர்கள். ரசீதுகள் இணைப்பில்.

எங்கள் கோரிக்கை: நான்கு கேபின்களுக்குக் கட்டிய 72,000 ரூபாய், 22 பேரிடமும் வாங்கிய போர்ட் லூயி துறைமுகக் கட்டணமும் வரியும், அங்கே நடக்காத சுற்றுலாவுக்குக் கட்டிய தொகை, சலவைக் கட்டணம். துறைமுகக் கட்டணத்தைக் கடைசி இரவு கப்பல் கணக்கில் வரவு வைத்தீர்கள். கடைகள் மூடிய பிறகு வந்த வரவை யாரும் செலவழிக்க முடியாது. எல்லாத் தொகையையும் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். கேபின் மாற்றத்துக்கும் உணவுக் குறைபாட்டுக்கும் தாங்கள் தரும் இழப்பீட்டை எழுத்தில் தெரிவியுங்கள்.

30 நாளுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். 69-ஆம் பிரிவு அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது.

இணைப்பு: உறுதிச்சீட்டு, கேபின் மாற்ற மின்னஞ்சல், ஏழாம் நாள் கட்டணத் தாள், உணவுப் படிவம், சலவை ரசீதுகள் 19.

இப்படிக்கு,
பயணக் குழு சார்பில்,
தர்மபுரி