நாவாய் அருங்காட்சியகத்தில் அம்பாப் பாட்டுக்கும் இடம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ராமநாதபுரத்தில் அமையவிருக்கும் நாவாய் அருங்காட்சியகம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாண்டியர்களின் கடல் வணிகத்தைச் சொல்வதற்கென்று 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் 21 கோடி ரூபாய் அறிவித்தார்கள். எங்கள் வீட்டு விசேஷம்போல எனக்குச் சந்தோஷம்.

நான் பள்ளி ஆசிரியராக இருந்தபோது ஒருமுறை பிள்ளைகளை அழகன்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாநிலத் தொல்லியல் துறை 1980களில் தொடங்கிப் பல கட்டமாக அகழாய்வு செய்த ஊர். ரோமானியக் காசுகள் கிடைத்தன, கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்தது. பிள்ளைகள் இறங்கியதும் “சார், அந்தக் கப்பல் எங்க?” என்று கேட்டார்கள். காட்ட அங்கே ஒன்றும் இல்லை. வெறும் மேட்டைக் காட்டிக் கதை சொல்லிவிட்டுத் திரும்பினோம். இனி வரும் பிள்ளைகளுக்கு அந்த ஏமாற்றம் இருக்காது என்பதே பெரிய விஷயம்.

ஆனாலும் ஒரு கவலை. கட்டடம் கட்ட ஒரு தடவை பணம் வரும். அப்புறம் ஆண்டுதோறும் என்ன வரும்? பழைய பாண்டியர் கடலைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்போகிறோம், சரி. இன்றைக்கு உயிரோடு இருக்கிற கடல்காரர்களுக்கு அந்தக் கட்டடத்தில் என்ன இடம்?

என் தாய்மாமனைச் சொன்னால் நான் கேட்பது புரியும். தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு சிற்றூரில் கரைவலை இழுத்தவர். ஊரில் அம்பாப் பாட்டு என்றால் அவர்தான். அம்பா என்பது தண்டு (துடுப்பு) வலிக்கும்போதும், வலை இழுக்கும்போதும், படகைக் கரையேற்றும்போதும் பாடுவது. ஒருவர் முன்பாட்டு எடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவார்கள். வலை தொலைவில் கனமாக இருக்கும்போது பாட்டு இழுவையாகப் போகும். மீன் சேரும் பையான வலையின் மடி கரைக்கு நெருங்க நெருங்க வேகம் கூடும். இருபது முப்பது பேருடைய கைகளும் கால்களும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும், அதைப் பாட்டுதான் செய்தது. நடுவே சம்மாட்டியை, அதாவது வலையின் சொந்தக்காரரை, கிண்டல் செய்வார், கரையில் சும்மா நிற்பவனைப் பெயர் சொல்லி இழுப்பார், செத்துப்போன கூட்டாளியை நினைத்து ஓர் அடி பாடுவார். நேற்றுப் பாடியதை இன்று அப்படியே பாடமாட்டார். எஞ்சின் வந்த பிறகு தண்டும் பாயும் போயின. கரைவலைக்கு ஆள் குறைந்தது. பாட்டுக்கும் வேலை இல்லாமல் போனது.

அவருக்கு எழுபது வயது கடந்த பிறகு, கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். எந்தக் கலைக்குழு, எத்தனை மேடை ஏறியிருக்கிறார், புகைப்படம் உண்டா, பாராட்டுச் சான்றிதழ் உண்டா என்று கேட்டார்கள். “மேடையா? நான் மணல்ல நின்னுல்ல பாடுனேன்” என்றார் மாமா. அந்த அலுவலர் கெட்டவர் அல்லர். தன் படிவத்தில் இருந்ததைத்தான் அவரால் கேட்க முடியும். “இது மீனவர் கணக்கில் வரும் ஐயா, அங்கே கேட்டுப் பாருங்கள்” என்றார். மீனவர்களுக்கான இடத்தில் பாட்டுக்கு ஏது விண்ணப்பம்? மூன்று ஆண்டுகளுக்கு முன் மாமா இறந்துபோனார். அவர் பாட்டு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. கையில் போன் இருந்தும் நான் பதிவு செய்யவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2025-26ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் பண்பாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 3,360 கோடி. கணக்குப் போட்டால் நூறு ரூபாய்க்கு ஏழு காசுகூட வரவில்லை. இந்தப் பணத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொல்லியல் துறைக்குப் போகிறது. கோயிலும் கோட்டையும் இடியாமல் நிற்க வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். மிச்சத்தில்தான் அகாதமிகள், அருங்காட்சியகங்கள், நூலகங்கள், விழாக்கள், மானியங்கள் எல்லாம் அடங்க வேண்டும். மறுபக்கம், குஜராத்தின் லோத்தலில் சுமார் 4,500 கோடி ரூபாயில் தேசியக் கடல்சார் பாரம்பரிய வளாகம் எழும்புகிறது. அது கப்பல் துறையின் திட்டம். பண்பாட்டு அமைச்சகத்தின் ஓர் ஆண்டு ஒதுக்கீட்டைவிடப் பெரியது. ஆக, கட்டடம் என்றால் பணம் பிறக்கிறது. மனிதர் என்றால்தான் கை சுருங்குகிறது.

முதிய கலைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை தரும் மத்தியத் திட்டம் ஒன்று இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் தன்னைக் கலைஞர் என்று காகிதத்தில் நிரூபிக்க முடிந்தவருக்குத்தான் அது எட்டும். நாட்டின் ஆறரை லட்சம் கிராமங்களின் பண்பாட்டையும் பட்டியலிடும் வேலையையும் மத்திய அரசு எடுத்திருக்கிறது. பட்டியலில் ‘அம்பாப் பாட்டு’ என்று ஒரு வரி ஏறலாம். பாடுகிறவருக்கு அதனால் என்ன ஆகும்? வாய்மொழி மரபுகளைக் காப்போம் என்ற யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 2005இலேயே ஏற்றுக்கொண்டது. இருபது ஆண்டு ஆகிவிட்டது.

தொண்டிப் பக்கம் கோயில் திருவிழாக்களில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. காற்றைப் பார்த்துப் பாயைத் திருப்பும் வித்தையை இளவட்டங்கள் இன்னும் மறக்காமல் இருப்பது அதனால்தான். ஊர் கூடிப் பணம் போட்டுத்தான் நடத்துகிறார்கள். வத்தை என்ற நாட்டுப் படகைக் கட்டத் தெரிந்த ஆசாரிகள் இருக்கிற வரையில்தான் இதுவும்.

என் வேண்டுகோள் சிறியது. அருங்காட்சியகத்துக்கான 21 கோடியில் ஒரு கோடியை வைப்புத்தொகையாகப் போடுங்கள். ஆறு சதவீத வட்டி என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஆறு லட்சம். பத்துப் பெரியவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் கொடுக்கலாம். அம்பா பாடுகிறவர்கள், வத்தை கட்டுகிறவர்கள், பாய் தைக்கிறவர்கள் என்று ஆள் எடுங்கள். சான்றிதழ் கேட்காதீர்கள், ஊர்க்காரர்களைக் கேளுங்கள். வாரம் ஒருநாள் அவர்கள் அருங்காட்சியகத்துக்கு வந்து பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். ஒரு வத்தையை வெளியே நிறுத்தி, பிள்ளைகள் ஏறித் தண்டைப் பிடித்துப் பார்க்கட்டும். இந்தச் செலவுக்குப் பணம் அடுத்த ஆண்டு வருமா வராதா என்று ஒவ்வொரு மார்ச் மாதமும் யாரும் காத்திருக்க வேண்டாம்.

மாமாவோடு வலை இழுத்தவர்களில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருக்கு 78 வயது, இன்னொருவருக்கு 81. மூத்தவருக்குக் காது சரியாகக் கேட்காது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. கட்டடம் எழும்பும்வரை காத்திருக்காமல் துறையிலிருந்து யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தால் போதும். பேருந்து நிறுத்தத்தில் நின்று அழைத்துப்போக நான் தயார். காலை ஆறு மணிக்கு வந்தால் இருவரையும் கடற்கரையிலேயே பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தேவிபட்டினம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.