பாப்பாவின் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு

பினாங்கு,
23 நவம்பர்

அன்புள்ள தோழிக்கு,

நீ அனுப்பிய பாப்பாவின் வேலை ஒப்பந்தத் தாள்கள் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. அன்றிரவே ஒரு தடவை படித்தேன். இன்று ஞாயிறு என்பதால் காலையில் பசியாறிவிட்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து மறுபடி வரி வரியாகப் பார்த்தேன். பாப்பாவுக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததுமே எனக்குக் கண் கலங்கிவிட்டது. செந்தூல் வீட்டில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துப் பாடம் நடத்திய பிள்ளை அவள்.

சேரலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். சேரட்டும். ஆனால் இந்தத் தாளில் இப்படியே கையெழுத்துப் போட வேண்டாம்.

எளிதில் திருத்தக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 9ஆம் பிரிவைப் பார். பாப்பா வேலையை விட்டால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். கல்லூரி அவளை நிறுத்த ஒரு மாதம் போதும். முன்னறிவிப்புக் காலம் இரு தரப்புக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டம் குறைந்த சம்பளக்காரர்களுக்கு, விரிவுரையாளர்களுக்குப் பொருந்தாது என்று எங்களிடம் பல வருடம் சொல்லி வந்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் ஊழியர்கள் எல்லோரும் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். சட்டம் கொடுப்பதைவிடக் குறைவாக ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த வரி செல்லாது. பாப்பா இதை மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் கேட்டால் போதும், பெரும்பாலும் திருத்திக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் சம்பளம், 3,600 ரிங்கிட். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்குச் சட்டப்படி ஓவர்டைம் கிடையாது, ஓய்வு நாளில் வேலை செய்தால் தனிச் சம்பளமும் கிடையாது. பாப்பா அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறாள். அதனால் வாரத்தில் எந்த நாள் ஓய்வு நாள் என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல். நான் அதைக் கேட்காமல் விட்டவள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வாரம் 18 மணி நேர வகுப்பு என்று அவள் தாளில் இருக்கிறதே, என் தாளிலும் அதேதான் இருக்கிறது. படிக்கிறவர்களுக்கு, அரை நாள் வேலை போலிருக்கிறதே என்று தோன்றும். என் வீட்டிலேயே அப்படிக் கேட்டிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு செமஸ்டர் முழுக்க, 14 வாரமும், செய்த வேலையை மணிக்கணக்கில் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். வகுப்பு, பாடத் தயாரிப்பு, 130 பேரின் இடுபணிகளைத் திருத்துவது, கேள்வித்தாள் எடுப்பது, அதை இன்னொருவர் சரிபார்த்துத் தந்ததும் மறுபடி எழுதுவது, கோப்புகள், கூட்டங்கள், அழுதுகொண்டு வந்து நிற்கும் பிள்ளைகளோடு பேசுவது. சராசரியாக வாரத்துக்கு 52 மணி நேரம் வந்தது. சட்டம் அனுமதிப்பது 45. முன்பு 48 ஆக இருந்ததை அதே 2023-ல்தான் குறைத்தார்கள்.

உயர்கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிற எம்.கியூ.ஏ.வின் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 40 மணி நேரம் படிக்க வேண்டும். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. விரிவுரைக்கு இத்தனை, டியூட்டோரியலுக்கு இத்தனை, வீட்டில் தானாகப் படிப்பதற்கு இத்தனை என்று அந்த 120 மணியையும் அட்டவணையில் நிரப்புகிறவர்கள் நாங்கள்தான். மாணவரின் ஒவ்வொரு மணிக்கும் அதில் ஒரு கட்டம் இருக்கிறது. அதே பாடத்துக்கு ஆசிரியர் செலவழிக்கும் நேரத்துக்கு ஒரு கட்டமும் இல்லை. ஒவ்வொரு செமஸ்டரும் அதை நிரப்பும்போது என் நோட்டு ஞாபகத்துக்கு வரும்.

14ஆம் பிரிவில் 'நிர்வாகம் அவ்வப்போது பணிக்கும் பிற பணிகள்' என்று ஒரு வரி இருக்கிறது, கவனித்தாயா? ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த கையோடு பேரங்காடிகளில் கல்விக் கண்காட்சி போடுவார்களே, அங்கே சனி ஞாயிறு இரண்டு நாளும் சாவடியில் நின்று கையேடு கொடுக்கும் வேலை அந்த வரிக்குள்தான் அடங்குகிறது. பெற்றோரிடம் பேச எனக்குப் பிடிக்கும். தோட்டப்புறத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிற அப்பாவுக்குப் பதில் சொல்ல நான்தான் அங்கே இருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கிறது. என் வருத்தம் வேறு. எத்தனை பேரைச் சேர்த்துவிட்டாய் என்பது என் ஆண்டு மதிப்பீட்டிலும் வந்துவிடுகிறது. பிள்ளையைச் சேர்த்துவிட்டதற்காக மதிப்பிடப்படுகிற அதே ஆள், நாளைக்கு அந்தப் பிள்ளைக்குத் தேர்ச்சி இல்லை என்றும் எழுத வேண்டியிருக்கிறது.

இதுவரை எழுதியதெல்லாம் கேட்டுத் திருத்தக்கூடியவை. என்னைத் தூங்கவிடாதது 2ஆம் பிரிவு. ஓராண்டுக் காலம், புதுப்பிப்பது நிர்வாகத்தின் விருப்பம்.

என் கதை உனக்குத் தெரியும். முதலில் மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். பிறகு இரண்டு வருடம். கோவிட்டுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஒவ்வொரு வருடமாகத்தான். டிசம்பர் 31-ல் முடியும். போன வருடம் புதுப்பிப்புக் கடிதம் டிசம்பர் 29ஆம் தேதி பிற்பகலில் வந்தது. அதற்குள் ஜனவரி வகுப்புகளுக்கு மூன்று பாடக் கோப்புகளைத் தயார் செய்து கொடுத்துவிட்டேன். வேலை இருக்கிறதா என்று தெரியாமலேயே அந்த வேலையைச் செய்தேன்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட. அம்மாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் நடந்த வருடம் அது. ஒரு மாணவனின் இறுதியாண்டு ஆய்வேடு கைக்கு வந்தது. இரண்டு அத்தியாயம் அப்படியே வேறிடத்திலிருந்து எடுத்தது. 31 போட்டேன். தேர்ச்சிக்கு 40 வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டார். மாற்று என்று அவர் சொல்லவே இல்லை. "ஒரு தடவை யோசித்துப் பாருங்கள், நம் தேர்ச்சி விகிதம் இந்த வருடம் குறைவாக இருக்கிறது" என்றார். பேச்சு முடிகிற நேரத்தில், ஒப்பந்தம் புதுப்பிக்கும் பட்டியலை அடுத்த வாரம் அனுப்பப்போவதாகவும் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தாரா, எனக்குத் தெரியாது. நான் சேர்த்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து 42 போட்டேன்.

அதே குழுவில் ஒரு பெண் இருந்தாள். சுங்கை பட்டாணியிலிருந்து வந்து போய்ப் படித்தவள். ஒவ்வொரு வரியையும் தானே எழுதியிருந்தாள், மொழி தடுமாறும். அவளுக்கு 55. மதிப்பெண் வந்ததும் என் அறைக்கு வந்து, "டீச்சர், எங்கே தவறு செய்தேன் என்று சொன்னால் அடுத்த தடவை நன்றாக எழுதுவேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் வேலையை நான் நேர்மையாகத்தான் திருத்தினேன். ஆனால் பக்கத்தில் அந்த 42 இருக்கும்போது அவளுடைய 55-க்கு என்ன அர்த்தம்?

அன்றைக்கு நாம் படித்த யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்து வாத்தியாரைத்தான் நினைத்தேன். மிண்டனில் அந்தப் பழைய கட்டடத்து மேல்மாடியில் இருந்தாரே, அவர்தான். உன் ஆய்வேட்டை மூன்று தடவை திருப்பிக் கொடுத்தார். சுங்கை டுவா நுழைவாயிலுக்கு எதிரே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து நீ அழுதாய், ஒரு தே தாரிக்கை ஆறவிட்டுவிட்டு. நான்காவது தடவை அவர் வாங்கிக்கொண்டபோது அது வேறு ஆய்வேடாக இருந்தது. அவர் கண்டிப்பானவர் என்று அன்று நினைத்தோம். இப்போது எனக்கு வேறொன்றும் தெரிகிறது. அவர் நிரந்தரப் பணியில் இருந்தார். உன்னை மூன்று தடவை திருப்பி அனுப்பியதற்காக டிசம்பர் மாதம் அவர் பயப்பட வேண்டியிருக்கவில்லை. அந்த இடம் அவருக்கு இருந்ததால்தான் உனக்கு அந்த நான்காவது ஆய்வேடு கிடைத்தது. ஓராண்டு ஒப்பந்தம் பாப்பாவிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சம்பளக் குறைவைச் சமாளித்துக்கொள்ளலாம், நாம் சமாளிக்காததா?

இதற்குச் சட்டத்தில் கொஞ்சம் துணை இருக்கிறது. தவணை ஒப்பந்தம், அதாவது குறித்த காலத்தோடு தானாக முடிகிற ஒப்பந்தம், என்று தாளில் எழுதிவிட்டால் மட்டும் அது தவணை ஒப்பந்தம் ஆகிவிடாது. நம் பினாங்கிலேயே ஹான் சியாங் பள்ளி ஆசிரியர்களுக்காக அவர்களுடைய சங்கம் போராடிய வழக்கில், அந்த ஒப்பந்தங்கள் உண்மையான தவணை ஒப்பந்தங்கள் அல்ல என்று 1988-ல் தொழில்துறை நீதிமன்றம் சொன்னது. 2020-ல் கூட்டரசு நீதிமன்றமும் இதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெளிவாக்கியது. இரு தரப்பின் உண்மையான எண்ணம் என்ன, வேலை நடந்த காலத்தில் முதலாளி எப்படி நடந்துகொண்டார், தொழிலும் வேலையும் எப்படிப்பட்டவை என்று பார்ப்பார்கள். வருடா வருடம் தானாகப் புதுப்பித்துக்கொண்டே வந்து, எப்போதும் இருக்கிற ஒரு வேலையைச் செய்யவைத்துவிட்டு, திடீரென்று தவணை முடிந்தது என்று சொன்னால், அதைப் பணிநீக்கம் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் வேலை போனதிலிருந்து 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். அந்த 60 நாளை வருத்தத்திலேயே கழித்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் பாப்பா ஒவ்வொரு வருடத் தாளையும், புதுப்பிப்புக் கடிதத்தையும், பாட அட்டவணையையும், தன் பெயரில் வாங்கிய கற்பிக்கும் அனுமதியின் நகலையும் ஒரே கோப்பில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்.

லீவு விஷயத்தில் எனக்கே அந்தக் கோப்புதான் கைகொடுத்தது. ஒவ்வொரு வருடமும் புது ஒப்பந்தம் என்று சொல்லி எனக்கு ஆண்டு விடுப்பை 8 நாளிலேயே வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் ஆனால் 12, ஐந்து வருடம் ஆனால் 16 என்பது சட்டம். எல்லாத் தாள்களையும் தேதி வரிசைப்படி அடுக்கிக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். சண்டை எதுவும் வரவில்லை. அடுத்த மாதமே 16 என்று திருத்திவிட்டார்கள்.

பாப்பாவுக்கு ஒப்பந்தமாவது இருக்கிறது. எங்கள் துறையில் மணிக்கணக்கில் வந்து பாடம் எடுக்கிற ஒரு தம்பி இருக்கிறான். காலையில் பட்டர்வொர்த்தில் ஒரு கல்லூரி, பாலத்தைக் கடந்து மத்தியானம் எங்களிடம், மாலையில் இன்னோர் இடம். மோட்டார் சைக்கிள் பயணம். மணிக்கு 60 ரிங்கிட் என்றால் கேட்க நன்றாக இருக்கும். திருத்துவதற்கு மணி இல்லை, செமஸ்டர் விடுமுறைக்குச் சம்பளம் இல்லை, ஊழியர் சேமநிதி இல்லை, வேலை விபத்துக்குக் கைகொடுக்கும் சொக்சோ காப்புறுதி இல்லை. மழையில் பாலத்தின் மேல் அவன் வருவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். எழுத்தில் வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், நேரத்தையும் பாடத்தையும் கல்லூரி தீர்மானித்து, கல்லூரியின் கருவிகளைக் கொண்டு வேலை செய்கிறவரை, வேறுவிதமாக நிரூபிக்காத வரை ஊழியர் என்றே கொள்ள வேண்டும் என்று இப்போது அதே வேலைவாய்ப்புச் சட்டத்தின் 101சி பிரிவில் இருக்கிறது. அவனுக்கு அதை அச்செடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "அக்கா, கேட்டால் அடுத்த செமஸ்டர் கூப்பிட மாட்டாங்க" என்றான். அவன் சொன்னதை மறுக்க என்னிடம் எந்தப் பிரிவும் இல்லை.

என் செய்தி என்னவென்றால், இந்த வருடக் கடிதம் சீக்கிரமே வந்துவிட்டது, போன செவ்வாய்க்கிழமை. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பதிலாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். காலத்தை மூன்று வருடமாக்க வேண்டும், அது முடியாவிட்டால் புதுப்பிக்கிறார்களா இல்லையா என்பதை மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். திருத்துவதையும் தயாரிப்பதையும் வேலை நேரத்தில் சேர்த்து எழுத வேண்டும். நான் கொடுத்த மதிப்பெண்ணை மாற்ற வேண்டுமென்றால் தேர்வுக் குழு கூடி, காரணத்தை எழுதி, அவர்கள் கையெழுத்துப் போட்டு மாற்ற வேண்டும். மூன்றாவதை எழுதும்போது கை நடுங்கியது. துறையில் இன்னும் நான்கு பேர் அதே பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள், எனக்கு முன்னால் சேர்ந்த மலாய்க்கார அக்கா ஒருவரும் சேர்த்து. வெள்ளிக்கிழமை கூப்பிட்டுப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பாப்பா தன் மின்னஞ்சலில் அந்த மூன்றாவதையும் கேட்கட்டும். முதல் வருடத்தில் கொடுக்க மாட்டார்கள் என்று நீ சொல்வாய். கொடுக்காமல் போகட்டும். கேட்டது எழுத்தில் இருக்கும், அவளை யாராவது அறைக்குக் கூப்பிடும் நாளில் அவளுக்கே அது ஞாபகம் வரும்.

தைப்பூசத்துக்கு வருவதாகப் போன வருடமும் சொன்னாய். இந்தத் தடவை இரண்டு பேரும் இ.டி.எஸ். ரயிலில் வந்துவிடுங்கள். தண்ணீர்மலைக்கு விடியற்காலையில் போய்விட்டு வந்து நாள் முழுக்கப் பேசலாம். அவள் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உன் கணவரின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. பாலேக் பூலாவிலிருந்து வாங்கிய ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது வாங்கிக்கொள்.

வெள்ளிக்கிழமை இரவு போன் செய்கிறேன். தூங்கிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி