கரையோரத் திட்டத்தை எங்களோடு இருந்து வரையக் கோரும் மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

விடயம்: நகரக் கரையோர அபிவிருத்தியில் மீனவக் குடியிருப்புகளின் கருத்தைச் சேர்த்துக்கொள்ளல்

மதிப்புக்குரிய ஐயா,

கடந்த ஆடி மாதம் எங்கள் கரைக்குச் சிலர் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். நடைபாதையும் பூங்காவும் வரப்போவதாகச் சொன்னார்கள். நல்ல விடயம்தான், எங்கள் பிள்ளைகளுக்கும் விளையாட இடமில்லை. ஆனால் அவர்கள் அளந்தது தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்துக் கரையை. அப்போது கடல் அடங்கிக் கிடக்கும், மணல் அகலமாய்த் தெரியும், பார்க்கிறவருக்கு வெறும் நிலம் போலத்தான் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு கடல் ஏறும்போது வள்ளங்களை இழுத்து வைக்க எங்களுக்கு இருப்பது அந்த மணல் மட்டும்தான். அங்கே கல் பதித்துக் கதிரை போட்டுவிட்டால் வள்ளத்தை எங்கே கொண்டுபோவது? பெண்கள் கருவாடு காயப்போடுவது எங்கே?

மழைநீர் விடயமும் உண்டு. மேட்டுத் தெருக்களின் வாய்க்கால்கள் எங்கள் பக்கமே இறங்குகின்றன. பொலித்தீனும் கழிவுநீரும் சேர்ந்து வந்து வாய்க்கால் கடலில் சேரும் வாயில் அடைத்துக்கொள்ளும். மழை விட்ட பிறகும் வளவுக்குள் தண்ணீர் நிற்கும், அப்புறம் நுளம்பு. 2017 இல் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியாவில் டெங்கு பரவியதைத் தாங்கள் அறிவீர்கள். பூங்காவுக்கு முன் இந்த வாய்க்காலைச் சரிசெய்து தாருங்கள்.

எங்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று வீடு கட்டத் தடை வந்தது. ஒரே கடல், ஒரே அலை, இரண்டு அளவு. ஹோட்டல்களுக்கு விலக்குக் கிடைத்தது, மீனவர்கள் தற்காலிகக் கொட்டில்களில் காத்திருந்தார்கள். அந்தத் தடை பிறகு தளர்த்தப்பட்டாலும், கரை யாருக்கு என்ற கேள்வி எங்களை விட்டுப் போகவில்லை. இம்முறை நட்ட அறிவிப்புப் பலகையிலும் தமிழ் இல்லை. கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்கிறது. இந்த மனுவில் கேட்பதைத் தமிழருக்காக மட்டும் கேட்கவில்லை. இந்த மாவட்டத்துக் கரையில் முஸ்லிம், சிங்கள மீனவக் குடும்பங்களும் இருக்கின்றன, வாடைக்காற்று எல்லோருக்கும் ஒன்றுதான்.

உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி இப்படியான வேலைக்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு முன்பே வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கிராம அலுவலர் அலுவலகத்தில் பார்வைக்கு வையுங்கள். கூட்டத்தைப் பின்நேரத்தில் வையுங்கள். காலையில் வைத்தால் ஆண்கள் கடலிலும் பெண்கள் மீன் வேலையிலும் இருப்பார்கள், வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று அறிக்கை எழுதப்படும்.

வாடைக்காலத்தில் ஒருமுறை கரையைத் திரும்ப அளக்கவும் வேண்டும். அளக்க வருபவர்களோடு நடந்து, கடல் எதுவரை ஏறும், எந்த வளவில் தண்ணீர் நிற்கும் என்று காட்ட நாங்கள் தயார். அதற்கான திகதியைத் தாங்கள் அறிவிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கரையோரக் குடியிருப்பாளர்கள்,
திருகோணமலை.