அண்டை நாட்டு உதவி: கணக்கையும் வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்டை நாடுகளுக்கு மத்திய அரசு அள்ளி வழங்குகிறது, இங்கே குளம் தூர்வாரக் காசில்லை என்று குமுறும் கடிதங்களைச் சில வாரங்களாக வாசகர் பக்கத்தில் படித்து வருகிறேன். குளம் மேடேறிக் கிடக்கும் ஆத்திரம் எனக்கும் உண்டு. அதற்குக் காரணம் இலங்கைக்கும் பூட்டானுக்கும் போன பணம்தான் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

2025-26 பட்ஜெட்டில் வெளிநாடுகளுக்கான உதவி என்று ஒதுக்கியது ஏறத்தாழ 5,480 கோடி ரூபாய். மத்திய அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு 50 லட்சம் கோடிக்கு மேல். ஆயிரம் ரூபாய் செலவானால் அதில் ஒரு ரூபாய் சொச்சம் இந்த வகையில் போகிறது. அதிலும் பூட்டானுக்கு மட்டும் 2,150 கோடி. இலங்கைக்கு 300 கோடி. பூட்டானில் நம் பணத்தில் எழுந்த சுக்கா, தாலா நீர்மின் நிலையங்களின் உபரி மின்சாரம் நமக்குத்தான் வந்து சேர்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கைக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் 400 கோடி டாலரும் பெரும்பாலும் கடன், அந்நியச் செலாவணி மாற்று ஏற்பாடு (டாலரைத் தற்காலிகமாகக் கொடுத்துப் பிறகு திரும்பப் பெறுவது), கொடுக்க வேண்டிய பாக்கிக்குத் தவணை நீட்டிப்பு என்ற வகைகளில் சேர்ந்த தொகை. சும்மா தூக்கிக் கொடுத்தது அதில் சிறு பங்கே.

ஆகவே எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில் எனக்குச் சண்டையில்லை. கொடுத்தது என்ன ஆயிற்று என்று வரி கட்டுகிறவனுக்கு யாரும் சொல்வதில்லையே, அதுதான் என்னை உறுத்துகிறது.

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊராட்சியில் ஒரு சிறுபாலம் கட்டினால்கூட மதிப்பீடு, அளவுப் புத்தகம், பயன்பாட்டுச் சான்று எல்லாம் கோப்பில் இருந்தாக வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபம், எழுதுவோம். அந்தப் பழக்கத்தில் பட்ஜெட் ஆவணத்தை எடுத்து வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்தைப் புரட்டினால், நாட்டின் பெயர், எதிரே ஒரு தொகை, அவ்வளவுதான். எந்தத் திட்டம், எந்த ஊர், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அந்த வரியிலிருந்து ஒன்றும் தெரியாது.

சரியாகச் செய்தால் இந்தப் பணம் எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். நண்பர் வீட்டுத் திருமணத்துக்காக வட இலங்கையில் கிளிநொச்சிப் பக்கம் போனபோது, இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடு ஒன்றில் தங்கினேன். 2010-இல் அறிவித்த 50,000 வீடுகளில் அதுவும் ஒன்று. வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். பெரும்பாலான வீடுகளுக்கு ஒப்பந்ததாரரே கிடையாது. பயனாளியின் வங்கிக் கணக்கில் தவணை தவணையாகப் பணம் போட்டார்கள், வேலையை வந்து பார்த்த பிறகு அடுத்த தவணை. அந்த வீட்டு அம்மா வங்கிப் புத்தகத்தை எடுத்து வந்து, அஸ்திவாரத்துக்கு இது, சுவருக்கு இது என்று விரல் வைத்துக் காட்டினார். கூரை மரத்துக்குப் பணம் போதாமல் தாலிக்கொடியை அடகு வைத்ததையும் மறைக்காமல் சொன்னார். ஐந்தரை லட்சம் பற்றாது என்ற குறை அங்கே பரவலாக இருந்தது, நியாயமான குறைதான். ஆனாலும் இந்தியாவின் பணம் எங்கே போயிற்று என்று யார் கேட்டாலும் அந்த அம்மாவால் பதில் சொல்ல முடியும். என் பணிக்காலத்தில் இவ்வளவு சுத்தமான கணக்கைப் பார்த்தது அபூர்வம்.

அதே வடக்கில் யாழ்ப்பாணக் கலாசார மையத்தையும் பாருங்கள். இந்தியாவின் மானியத்தில், அதாவது திருப்பித் தர வேண்டாத உதவியில், எழுந்த பதினொரு மாடிக் கட்டடம். 2020-இலேயே வேலை முடிந்துவிட்டது. மக்களிடம் ஒப்படைத்தது 2023 பிப்ரவரியில். கொரோனா ஒரு காரணம் என்றாலும், இவ்வளவு பெரிய கட்டடத்தை யார் நடத்துவது, மாநகர சபையால் அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்ற பேச்சும் நீண்டுகொண்டே போனது. அடிக்கல் நாட்டும் முன்பே முடித்திருக்க வேண்டிய பேச்சு அது! 1990 என்ற எண்ணில் அழைக்கும் ‘சுவசெரிய’ ஆம்புலன்ஸ் சேவையில் இந்தத் தவறு நடக்கவில்லை. 2016-இல் இந்திய மானியத்தில் மேற்கு, தெற்கு மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் விரிந்தது. இலங்கை நாடாளுமன்றம் 2018-இல் தனிச் சட்டமே இயற்றி ஓர் அமைப்பின் பொறுப்பில் விட்டது. வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

ஆப்கானிஸ்தானிலும் இதே பாடம். ஹெராத்தில் நாம் கட்டிய சல்மா அணையின் தண்ணீர், காபூலில் யார் ஆண்டாலும் வயலுக்குத்தான் பாயும். 2015-இல் காபூலில் நாம் கட்டிக் கொடுத்த நாடாளுமன்றக் கட்டடத்தில் 2021-இல் தாலிபான் ஆட்சியைப் பிடித்த பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

கடன் விவகாரம் தனி. 2025 ஏப்ரலில் கொழும்பு சென்ற பிரதமர், அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் 10 கோடி டாலருக்கும் அதிகமான கடனை மானியமாக மாற்றியதாக அறிவித்தார். நொடித்துப்போன அண்டை வீட்டுக்காரனிடம் வட்டிக் கணக்கு பார்க்கச் சொல்ல மாட்டேன். அந்த முடிவை வரவேற்கிறேன். ஆனால் கடன் என்று கொடுத்தது மானியமாக மாறுகிறபோது, எந்தெந்தத் திட்டத்தின் கடன், எவ்வளவு, என்ன காரணம் என்ற பட்டியல் நம் நாடாளுமன்றத்தின் மேசைக்கு வந்தாக வேண்டும்.

மக்கள் கொடுக்க மனமில்லாதவர்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022-இல் தமிழக அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் என்று 123 கோடி ரூபாய்க்கு இலங்கைக்கு அனுப்ப முடிவு செய்தபோது சட்டமன்றமே ஒரு குரலில் ஆதரித்தது. இலங்கைத் தமிழர்களுக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் கொடுங்கள் என்று அங்குள்ள தமிழர்களே கேட்டுக்கொண்டார்கள், அப்படியே கொடுத்தோம். என்ன பொருள், எத்தனை டன், என்ன விலை என்பது அன்று தேநீர்க்கடையில் பேப்பர் படித்தவருக்கெல்லாம் தெரியும். கணக்கு தெரிந்ததால்தான் பொதுமக்களும் தங்கள் பங்குக்கு நிதி கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

வெளியுறவுத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது ஆண்டுச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் கோரிக்கை, பெரும்பாலான ஆண்டுகளில் மக்களவையில் விவாதமே இன்றி, மற்ற துறைகளோடு சேர்த்து ஒரேயடியாக நிறைவேறிவிடுகிறது. நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்ந்து அறிக்கை தருகிறது, உண்மைதான். அதை எத்தனை பேர் படிக்கிறார்கள்? நம் உறுப்பினர்கள் 39 பேரும் கட்சி பேதம் பாராமல் அடுத்த பட்ஜெட் தொடரில் ஒன்றைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் திட்டவாரியாக ஒரு பட்டியல்: அனுமதித்த தொகை, செலவான தொகை, மானியமா கடனா, முடிந்த திட்டம் இன்று இயங்குகிறதா, பராமரிப்புச் செலவு யாருடையது. இந்த ஐந்து விவரங்களையும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் போடாமல் தமிழிலும் வெளியிடச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர்,
திருநெல்வேலி.